சபையே குடும்பம்னு சொல்றோம், வேலைன்னு வந்தா நாலு பேர் தான் நிக்கிறோம். என்ன பண்ணலாம்?

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்க வாசிக்கிறதோட சரி, எழுதுறது இதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நாங்க மதுரைல நத்தம் ரோட்டுப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) சபை. 70 குடும்பம் இருக்கும். பாதிப்பேர் தாத்தா காலத்துல இருந்து அந்த ஊர்லயே இருக்குறவங்க, மீதிப்பேர் இந்த 15 வருஷத்துல பிளாட் வாங்கி வீடு கட்டி வந்தவங்க, பேங்க், டீச்சர் வேலை, ஒத்தக்கடை ஹைகோர்ட்ல வேலைன்னு இருக்காங்க. நான் ரெண்டாவது கூட்டம்.

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள்ல எங்க அப்பாவ பெரியாஸ்பத்திரில சேர்த்திருந்தோம். 11 நாள். நோயாளிக்கு உள்ள சாப்பாடு வந்துருது, கூட இருக்குற ஆளுக்கு என்ன வழின்னு அதுவரைக்கும் நான் யோசிச்சதே இல்ல. ராமநாதபுரம், அருப்புக்கோட்டை, தேனின்னு எங்கெங்கிருந்தோ வந்து வராண்டாவுல துண்ட விரிச்சு படுத்துக் கிடக்காங்க. எனக்குப் பக்கத்துல பரமக்குடிப் பக்கம் இருந்து வந்த ஒரு அம்மா, மகனுக்கு ஆபரேசன், காலைல ஒரு இட்லி பொட்டலம் வாங்குவாங்க, நாலு இட்லி, அதுல ரெண்ட காலைல சாப்பிட்டுட்டு மீதிய இலையோட மடிச்சு தலமாட்டுல வச்சுக்குவாங்க, மதியத்துக்கு ஒண்ணு ராத்திரிக்கு ஒண்ணு. ஊருக்குத் திரும்பிப் போக பஸ் காசு மிச்சம் வைக்கணும்ல தம்பின்னு சொன்னாங்க. அத என்னால மறக்க முடியல.

வீட்டுக்கு வந்ததும் ஜெபக்கூட்டத்துல அழுதுகிட்டே சொன்னேன். சபையே எந்திரிச்சிருச்சு. ஐயரும், அதான் எங்க சபை போதகர், அந்த வாரமே அறிவிச்சாங்க. ஒவ்வொரு புதன்கிழமையும் காலைல கஞ்சியும் துவையலும் கொண்டு போய் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளிய, அனுமதி கேட்டு வாங்கின இடத்துல நின்னு குடுக்குறோம். 150 பேருக்கு. 5 கிலோ நொய்யரிசி, 1 கிலோ பாசிப்பருப்பு, பூண்டு, வெந்தயம், தேங்காய். முதல் புதன்கிழமை 25 பேர் வந்தோம். ஒரு பெரியவர் டம்ளர் இல்லாம பழைய ஹார்லிக்ஸ் பாட்டில நீட்டுனாரு, அதுல ஊத்தினப்ப சூடு தாங்காம உடைஞ்சுருமோனு ரெண்டு கையாலயும் வேட்டிய சுத்திப் பிடிச்சுகிட்டாரு, அன்னைக்கு வந்த 25 பேரும் திரும்பி வர்ற வழியெல்லாம் அதையே பேசிகிட்டு வந்தோம்.

இப்ப ஒரு வருஷம் ஆச்சு. நாலு பேர் தான் இருக்கோம். நான், என் மனைவி, ரிட்டயர்டு ஆன ஒரு சார், அவங்க வீட்டம்மா. காலைல 3 மணிக்கு எந்திரிச்சு அடுப்பு பத்த வச்சு, தூக்கி, ஏத்தி, இறக்கி, கழுவி, அப்புறம் ஆபிசுக்கு ஓடுறோம். உடம்பு வலிய கூட தாங்கிக்கலாம். ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல நாமெல்லாம் ஒரே குடும்பம்னு கேக்குறப்ப தொண்டை அடைக்குது. காணிக்கை கேட்டா குடுக்குறாங்க, குறை சொல்ல முடியாது. ஆள் தான் வரல. யாராவது எப்பவாவது வந்தாலும் அடுத்த வாரம் காணோம். நாங்க என்ன தப்பு பண்றோம்? உங்க சபைல எப்படி எல்லாரையும் ஒண்ணா ஒரு வேலைல நிக்க வைக்கிறீங்க? அனுபவம் இருக்குறவங்க சொல்லுங்க.

---

மேலூர்க்காரி எழுதியது:

தம்பி, படிச்சதும் மனசு கனத்துப் போச்சு. அந்த இட்லிப் பொட்டலம் அம்மா நல்லா இருக்கட்டும்.

ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. எப்பவாவது ஒருத்தர் வந்தா அவுகளுக்கு என்ன வேலை குடுத்தீங்க? எனக்குத் தெரிஞ்சு நடக்குறது இதான். நாலு பேரு வேகமா, சுத்தமா, பழகின கையோட வேல பாத்துக்கிட்டு இருப்பாக. புதுசா ஒரு அம்மா வந்து நான் தேங்கா துருவட்டுமானு கேட்டா, இல்லக்கா ஆச்சு, நீங்க உக்காருங்கனு சேர இழுத்துப் போடுவாக. மரியாதையா தான் சொல்றது. ஆனா சேர்ல உக்காந்துட்டுப் போனவுக மறுவாரம் எதுக்கு வரணும்? தான் இல்லாமயே இது நடந்துரும்னு அவுகளுக்கு நம்ம வாயாலயே சொல்லி அனுப்பிட்டோமே.

எங்க ஊரு மேலூர்ல இருந்து உள்ள தள்ளி, சின்ன சபை. 30 குடும்பம், அம்புட்டு பேரும் கூலி வேலை, நாத்து நடுறது களையெடுக்குறது தான். கோயில் ஓடு பூராம் இத்துப்போயி மழைக்கு பீடத்துல ஒழுகும். காசுக்கு எங்க போறது? பெண்கள் ஐக்கிய சங்கத்துல முடிவு பண்ணி கைப்பிடி அரிசி ஆரம்பிச்சோம். தெரியாதவுகளுக்கு சொல்றேன், சோறாக்க அரிசி அளக்கயில அதுல இருந்து ஒரு கைப்பிடி எடுத்து தனியா ஒரு டப்பால போட்டு வைக்கிறது. மாசக் கடைசி ஞாயிறு கொண்டாந்து கோயில்ல கொட்டுறது. வடகிழக்குல மிசோரம்ல 1910லேர்ந்து சபை சபையா பெண்கள் இதைச் செஞ்சு, அதுலயே மிஷனரிகளை அனுப்பி வைக்கிறாகன்னு ஒரு கூட்டத்துல சொன்னாக. அவுக செய்யிறப்ப நம்ம ஏன் செய்யக்கூடாதுனு தான் எங்களுக்கும் தைரியம் வந்துச்சு.

இதுல ஒரு பாட்டி. தனியா இருக்காக, வயசு 80க்கு மேல, முதியோர் பென்சன்ல சாப்பாடு. ரேசன் அரிசி தான் வடிக்கிறது. நீங்க போட வேணாம் பாட்டினு எங்க செயலாளரம்மா பாவம் பாத்து சொல்லிட்டாக. பாட்டி ஒண்ணும் பேசல. அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வரல. அதுக்கு அடுத்த ஞாயிறும் வரல. நான் போயி பாத்தா திண்ணையில உக்காந்திருக்காக, மடியில ஒரு பவுடர் டப்பா, பாதிக்கு அரிசி. "என்னைய வேணாம்னுட்டீகளே"னு கேட்டாக பாருங்க. அன்னைக்கு நானும் செயலாளரம்மாவும் அவுக கைய பிடிச்சு மன்னிப்பு கேட்டு, அந்த டப்பாவ அவுக கையாலயே கொண்டாந்து கொட்ட வச்சோம்.

அரிசிய ஏலம் விட்டு, அறுப்பின் பண்டிகைக்கு வந்த பூசணி, சேவல், வாழத்தாரு எல்லாத்தையும் ஏலம் விட்டு, மூணு வருசம் ஆச்சு, ஓடு மாத்திட்டோம். சின்ன தொகை தான், ஆனா அந்த ஓட்டுல தன் பிடி அரிசி இல்லாத வீடு எங்க சபையில ஒண்ணு கூட கிடையாது. இப்ப மழை பேஞ்சா அந்தப் பாட்டி மேல அண்ணாந்து பாக்குற பார்வைய நீங்க பாக்கணும் தம்பி.

அதனால நான் சொல்றது இதான், காணிக்கையா காசு வாங்காதீங்க. நொய்யரிசி கேளுங்க. 70 வீட்டுக்கும் ஒரு டப்பா குடுங்க.

---

திருமங்கலத்துத் தம்பி எழுதியது:

நான் ஒரு சபைய விட்டு விலகி வந்தவன், அதனால என் பார்வை வேற மாதிரி இருக்கும். ஆனா அண்ணன் கேட்ட கேள்விக்கு இதுவும் பதில் தான்னு நினைக்கிறேன்.

எந்த ஊரு எந்த சபைனு சொல்லல. வாலிபர் ஐக்கியத்துல 6 வருஷம் ஓடியாடி வேல பாத்தேன். கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸ்னா விடிய விடிய, விபிஎஸ்னா, அதான் லீவுல பிள்ளைங்களுக்கு நடத்துற பைபிள் வகுப்பு, 10 நாளும் லீவு போட்டு பிள்ளைங்களோட, கல்லறைத் தோட்டத்துல முள்ளு வெட்டுறது வரைக்கும். ஒரு தடவ கேரல்ல வசூலான காசுல படிக்கிற பிள்ளைங்களுக்கு பீஸ் கட்டுறதா சொல்லி தான் வீடு வீடா கேட்டோம். வருஷம் முடிஞ்சு எவ்வளவு கட்டுனோம்னு கேட்டேன். சும்மா தெரிஞ்சுக்க தான் கேட்டேன், யாரையும் சந்தேகப்படல. அதுக்கு ஒரு பெரியவர் எல்லார் முன்னாடியும், "குடும்பத்துக்குள்ள என்னப்பா கணக்கு? அப்பாகிட்ட இப்படி கேப்பியா?"ன்னாரு. எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு. அதுக்கப்புறம் போகல.

எங்க வீட்ல எங்கம்மா காலண்டர் பின்னாடி பால் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாம் எழுதி மாட்டியிருப்பாங்க, நாங்க எல்லாரும் போறப்ப வர்றப்ப பாப்போம். குடும்பத்துல தான் கணக்கு வெளிப்படையா இருக்கும்ணே. குடும்பம்ங்கிற வார்த்தைய வச்சு வாயடைக்க ஆரம்பிச்சா வேல செய்யிற பிள்ளைங்க தான் முதல்ல போயிரும், ஏன்னா அவங்களுக்கு தான் கேள்வி வரும்.

அப்போஸ்தலர் 6ம் அதிகாரத்த அதுக்கப்புறம் நான் திரும்பத் திரும்ப வாசிச்சேன். அங்கயும் சாப்பாடு பங்கீடு தான் பிரச்சனை. கிரேக்க பாஷை பேசுற விதவைகளுக்கு தினசரி பந்தியில சரியா கிடைக்கலனு முறுமுறுப்பு வருது. யாரும் அவங்கள அடக்கல. ஏழு பேர தெரிஞ்செடுக்கச் சொல்றாங்க. அந்த ஏழு பேர பாருங்க, ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பேரு. குறை சொன்ன பக்கத்து ஆளுங்க கையிலயே பந்திய குடுத்துட்டாங்கனு தான் எனக்குப் படுது. இத யாராவது எனக்கு அன்னைக்கு காட்டியிருந்தா நான் சண்டை போட்டாவது அங்கயே இருந்திருப்பேன்.

அண்ணே, உங்க சபைல கஞ்சிக்கு வந்த காசு, செலவு, மிச்சம் இத ஒரு சார்ட்டுல எழுதி வாசல்ல ஒட்டுறீங்களா? உங்கள சந்தேகப்பட்டு கேக்கல. நீங்க நல்லவங்கனு எழுத்துலயே தெரியுது. ஆனா நாலு பேருக்கு மட்டும் தெரிஞ்ச கணக்கு நாலு பேரோட வேலையா தான் இருக்கும்.

---

வைகைக்கரை எழுதியது:

மேலூர் அக்கா, சேர் விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. என் மனைவிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். அவ அப்படியே அமைதியாயிட்டா. ரெண்டு பேருக்கும் ஒரே ஆள் தான் ஞாபகத்துக்கு வந்துச்சு, பழைய ஊர்க்காரங்க, பூ கட்டி விக்கிற ஒரு பாட்டியம்மா. மூணாவது வாரமோ நாலாவது வாரமோ வந்தாங்க, அகப்பைய கையில எடுத்தாங்க, நான் தான் "சூடு பாட்டி, நீங்க தள்ளி நில்லுங்க"னு வாங்கி வச்சேன். அதோட சரி.

தம்பி, கணக்கு என் நோட்டுல இருக்கு, பைசா விடாம இருக்கு. ஆனா என் பீரோவுல இருக்கு. இந்த ஞாயிறே எழுதி ஒட்டிர்றேன். உங்களுக்கு நடந்ததுக்கு வருத்தமா இருக்குப்பா. பக்கத்துல இருந்தா ஒரு புதன்கிழமை வாங்க.

---

பசுமலை வாத்தியார் எழுதியது:

அன்பான தம்பிக்கு. நான் மிஷன் பள்ளிக்கூடத்துல 34 வருஷம் வேலை பாத்து ஓய்வு பெற்றவன், சபைகளோட நிர்வாகத்தப் பாக்குற சேகர கமிட்டியிலயும் ரொம்ப நாள் இருந்தவன். ரெண்டு விஷயம் சொல்லணும்னு தோணுது.

நெகேமியா 3ம் அதிகாரத்த நாம வாசிக்கிறப்ப பேரு பேரா வருதேனு தாண்டிப் போயிருவோம். தாண்டாம வாசிங்க. எருசலேம் அலங்கத்த, அதான் ஊரச் சுத்தி இருக்குற மதில, கட்டுறாங்க. கொத்தனாரை மட்டும் கூட்டி கட்டல. தட்டார் கட்டுறான், தைலக்காரன் கட்டுறான், வியாபாரி கட்டுறான், ஆசாரியர் கட்டுறாங்க, சல்லூம்னு ஒருத்தன் தன் குமாரத்திகளோட வந்து கட்டுறான். பல பேருக்கு அவங்கவங்க வீட்டுக்கு எதிர இருக்குற பங்கு. தன் வீட்டு வாசல்ல ஓட்டை இருந்தா எவன் தூங்குவான்? 52 நாள்ல முடிஞ்சது. தெக்கோவா ஊர் பிரபுக்கள் மட்டும் குனிஞ்சு வேல செய்யலன்னு அதையும் மறைக்காம எழுதி வச்சிருக்கு. ஆனா அதே தெக்கோவா ஊர் சாதாரண ஜனங்க தங்க பங்க முடிச்சுட்டு இன்னொரு பங்கும் சேத்துக் கட்டுனாங்க. வராதவங்களுக்காக வேல நிக்கல.

உங்க கஞ்சி வேலைல "வீட்டுக்கு எதிர இருக்குற பங்கு" யாருக்கு எதுன்னு பாருங்க. புதன்கிழமை காலை 3 மணின்னா யாரால வர முடியும்? ஹைகோர்ட்ல வேல பாக்குற பிள்ளை, ஸ்கூலுக்கு டிபன் கட்டுற அம்மா எப்படி வருவாங்க? வரலைன்னதும் அவங்களுக்கு பாரம் இல்லனு நாம நினைச்சுக்குறோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பூண்டு உரிக்கிறது, தேங்கா துருவுறது, பருப்பு புடைக்கிறது இதெல்லாம் வீட்ல உக்காந்து டிவி பாத்துகிட்டே செய்யலாம். உங்க சபைல ஆட்டோ ஓட்டுறவர் இருப்பாரு, லோடு வண்டி வச்சிருக்குறவர் இருப்பாரு, அவரால ஆஸ்பத்திரி இருக்குற கோரிப்பாளையம் வரைக்கும் அண்டாவ ஏத்திகிட்டு போக முடியும். படுக்கையில இருக்குறவங்க கூட இருக்காங்க, அவங்ககிட்ட அந்த வாரம் சந்திச்ச நாலு பேர் பேரை குடுத்து ஜெபிக்கச் சொல்லுங்க. அத சும்மா ஒரு வார்த்தையா சொல்லாம, சீட்டுல பேரு எழுதி கையில குடுக்கணும்.

இன்னொண்ணு. ஒரு வருஷம் ஆச்சேன்னு சோர்ந்து போகாதீங்க. நாம இன்னைக்கு சிஎஸ்ஐனு சொல்றோமே, அது வந்த கதைய நினைச்சுப் பாருங்க. மதுரைல 1834லேர்ந்து அமெரிக்க மிஷன், அவங்க காங்கிரிகேஷனல்ங்கிற சபைப் பிரிவு. திருநெல்வேலி பக்கம் ஆங்கிலிக்கன். இன்னொரு பக்கம் மெதடிஸ்ட். ஒருத்தர் திருவிருந்துல இன்னொருத்தர் பந்தி சேர முடியாத காலம் அது. 1919ல தரங்கம்பாடில ஊழியர்கள் கூடி, இப்படி பிரிஞ்சு கிடந்தா எப்படி ஊழியம் செய்யிறதுனு பேச ஆரம்பிச்சாங்க, பேராயர் அசரியா அதுல முன்னால நின்னாரு. பேச்சு, பேச்சு, 28 வருஷம் பேச்சு. 1947 செப்டம்பர் 27ம் தேதி தான் சென்னை கதீட்ரல் ஆலயத்துல ஒண்ணானாங்க. அசரியா அத கண்ணால பாக்கல. 1945 தொடக்கத்துலயே கண்ணை மூடிட்டாரு. ஒரே பந்தியில உக்காரணுங்கிற ஆசைய விடாம பிடிச்சிருந்த அவங்களால தான் இன்னைக்கு நம்ம பிள்ளைங்களுக்கு அந்தப் பிரிவினையே ஞாபகம் இல்ல.

---

அன்பியத்து அண்ணன் எழுதியது:

இயேசுவுக்கே புகழ். நான் கத்தோலிக்கன், திண்டுக்கல் பக்கம். இங்க எழுதலாமானு யோசிச்சேன், ஆனா பசி எல்லாருக்கும் ஒண்ணு தானே.

எங்க பங்குல, அதான் எங்க கோயிலச் சேர்ந்த சபைல, அன்பியம்னு உண்டு. 25, 30 குடும்பம் சேர்ந்து ஒரு அன்பியம், மாசம் ஒரு தடவ ஒருத்தர் வீட்ல கூடுவோம், பைபிள் வாசிச்சு பகிர்ந்துக்குவோம், அப்புறம் அந்த மாசம் யார் வீட்ல என்ன கஷ்டம்னு பேசுவோம். ஞாயிறு திருப்பலிக்கு வாசகம், காணிக்கைப் பவனி, கோயில் கூட்டுறது எல்லாம் முறை வச்சு ஒவ்வொரு அன்பியத்துக்கும் வரும். இதுல நல்லது என்னன்னா 70 குடும்பத்துல "யாராவது செய்வாங்க"னு இருந்துரலாம், 10 குடும்பத்துல இருக்க முடியாது, ஆள் இல்லைன்னா பளிச்சுனு தெரியும். உங்க 70ஐ ஏழா பிரிங்க. ஏழு வாரத்துக்கு ஒரு தடவ தான் ஒரு குழுவுக்கு முறை வரும். அது யாருக்கும் பாரம் இல்ல.

ஆனா ஒரு எச்சரிக்கை. நாங்க முதல்ல தெருவாரியா பிரிச்சோம். கிராமத்துல தெருவாரின்னா என்ன அர்த்தம்னு நான் சொல்லத் தேவையில்ல. கொஞ்ச நாள்ல பாத்தா ஒரு அன்பியம் சமைக்கும், ஒரு அன்பியம் பரிமாறும், பாத்திரம் கழுவுறது மட்டும் எப்பவும் ஒரே தெரு. யாரும் உத்தரவு போடல. அதுவா அப்படி அமைஞ்சிருச்சுன்னு சொல்லிக்கிட்டோம். ஒரு பெருநாள் அன்னைக்கு எங்க பங்குத்தந்தை, பிரியாணி அண்டா அடிப்பிடிச்சுக் கிடந்தது, அங்கிய கழட்டி வச்சுட்டு தேங்கா நாரும் சாம்பலுமா உக்காந்து தேய்க்க ஆரம்பிச்சுட்டாரு. ஒரு வார்த்தை பேசல. பெரிய வீட்டு ஆளுங்க ஓடி வந்து "சாமி, விடுங்க சாமி"ங்கிறாங்க. அவரு பக்கத்துல இருந்த இன்னொரு நார எடுத்து நீட்டுனாரு. வாங்கிட்டு உக்காந்தாங்க. அதுக்கப்புறம் சீட்டுக் குலுக்கிப் போட்டு எல்லாத் தெருவையும் கலந்து பிரிச்சோம். ரெண்டு குடும்பம் வர்றத நிறுத்திட்டாங்க. உண்மைய சொல்லணும்ல. ஒரு குடும்பம் திரும்பி வந்துச்சு, இன்னொண்ணு இன்னும் வரல.

வைகைக்கரை, நீங்களே எழுதியிருக்கீங்க, பாதிப்பேர் பழைய ஊர்க்காரங்க, பாதிப்பேர் பிளாட்டுக்காரங்கனு. இந்த நாலு பேருமே பிளாட்டுப் பக்கம் தானா? முதல்ல அதப் பாருங்க தம்பி. கடுமையா கேட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க.

---

வைகைக்கரை எழுதியது:

அண்ணே, ஆமா. நாலு பேரும் பிளாட்டுப் பக்கம் தான். நீங்க கேக்குற வரைக்கும் எனக்கு அது கண்ல படவே இல்ல. சமையல் எங்க வீட்டு மாடியில நடக்குது, பழைய ஊர்க்காரங்க யாரும் எங்க தெருவுக்கு வந்து பழக்கமே இல்லாதவங்க, விடிகாலைல ஒருத்தர் வீட்டு கேட்ட தட்டி மாடி ஏறணும்னா யாருக்கு மனசு வரும். ராத்திரி பூராம் இதையே யோசிச்சுகிட்டு இருந்தேன்.

ஐயர்கிட்ட பேசிட்டு வந்து எழுதுறேன்.

---

வைகைக்கரை எழுதியது:

நாலு வாரம் கழிச்சு எழுதுறேன். எல்லாரும் கேட்டீங்க, நன்றி.

ஐயரும் ஐயரம்மாவும் முழுசா கேட்டாங்க. சமையல எங்க மாடியில இருந்து கோயில் காம்பவுண்டுக்கு மாத்திட்டோம், வேப்பமரத்தடியில. கணக்கு சார்ட் வாசல்ல இருக்கு. முதல் வாரமே ஒரு பையன் அதுல கூட்டல் தப்பு கண்டுபிடிச்சான், 40 ரூபா, இப்ப அவன்தான் எழுதுறான். ஏழு குழு, ஐயரம்மா குலுக்கிப் போட்டு பிரிச்சாங்க. நொய்யரிசி டப்பா 70 வீட்டுக்கும் போகல, 43 வீடு வாங்கியிருக்கு. மீதி வீடுகளுக்கு திரும்பவும் போவோம். ஒரு குழு மொத்தமா சொதப்பிருச்சு, பூண்டு வரல, ஆளும் வரல, அன்னைக்கு பழையபடி நாங்க நாலு பேர் தான் ஓடுனோம், ஆனா அடுத்த நாளே அந்தக் குழுவுல இருந்து ரெண்டு பேர் வீடு தேடி வந்து வருத்தப்பட்டாங்க. போன வருஷம் வராதவங்க யாரும் வந்து அப்படி சொன்னதில்ல.

பூ விக்கிற பாட்டியம்மா வீட்டுக்கு நானும் மனைவியும் போனோம். வாசல்ல உக்காந்து கதம்பம் கட்டிகிட்டு இருந்தாங்க. பாட்டி, அன்னைக்கு அகப்பைய வாங்கினது தப்புனு சொன்னேன். நிமிந்து பாக்கல. நார இழுத்து முடிச்சுப் போட்டுகிட்டே, "உங்க கஞ்சி அடிப்பிடிச்ச வாடை அடிச்சுச்சு. அத சொல்ல தான் வந்தேன்"னாங்க. கல்யாண வீடுகள்ல 30 வருஷம் அடுப்படி பாத்தவங்களாம். ஒரு வருஷமா எங்க சபைலயே அப்படி ஒருத்தர் இருக்காங்கனு தெரியாம இருந்திருக்கோம்.

இப்ப அடுப்பு அவங்க பொறுப்பு. 3 மணிக்கு எங்களுக்கு முன்னாடியே வந்து வேப்பமரத்தடியில உக்காந்திருக்காங்க. நொய்ய வறுத்துட்டு தான் போடணும்னு சொல்லி மாத்தினாங்க. போன புதன் ஆஸ்பத்திரி கேட்டுப் பக்கத்துல ஒரு ஆளு ரெண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினாரு, அத நான் வந்து சொன்னதும் ஒண்ணும் சொல்லாம சேலைத் தலைப்பால மூஞ்சிய துடைச்சுகிட்டாங்க.

மேலூர் அக்கா, ஒரு சந்தேகம். 5 கிலோ நொய்க்கு வெந்தயம் எவ்வளவு போடுவீங்க? பாட்டியம்மா 100 கிராம்னு சொல்றாங்க, எனக்கு கசந்துருமோனு இருக்கு.

---

மேலூர்க்காரி எழுதியது:

அவுக சொன்னதையே போடுங்க தம்பி. கருக விடாம வறுத்துட்டா கசக்காது, அது அவுகளுக்குத் தெரியும். எங்க சபையில இருந்து இந்த மாச அரிசில ஒரு மூட்டை உங்களுக்குனு எடுத்து வச்சிருக்கோம். ஞாயித்துக்கிழமை மாட்டுத்தாவணி வரைக்கும் எங்க வாலிபப் பிள்ளைக கொண்டாந்து தருவாக, யாரையாச்சும் அனுப்புங்க. மேல ஒரு பவுடர் டப்பா தனியா இருக்கும், அத மட்டும் திருப்பிக் குடுத்து விட்டுருங்க, பாட்டிக்கு அடுத்த மாசத்துக்கு வேணும்.